கேபிள் மாட்டியிருந்ததா

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாய். சுகமில்லை. இடது கண்ணில் பூ விழுந்து ஒன்றும் தெரியவில்லை, வலது கண்ணும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு வருகிறது. இதைப் படித்துப் பதறி அடுத்த ரயிலேறி வந்துவிடுவாய் என்ற பயம் எனக்கில்லை. உன் அம்மா செத்ததற்கே நீ மூன்றாம் நாள்தான் வந்தாய். ரம்புக்கனை கராஜில் லீவு தரவில்லை என்றாய், நானும் நம்பின மாதிரி தலையை ஆட்டினேன். மண் போட்ட பிறகு வந்து நின்று அழுதவனுக்கு நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு இன்னும் என் மேல் வருத்தம் இருப்பது தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நாலரைப் பக்கம் எஸ்தர். தாய்மாமன் மகளைக் கட்டுவதற்கு இவ்வளவு அளந்து எழுத வேண்டியதில்லை, அவள் உனக்கு முறைப்பெண். பதினெட்டு வருஷமாக நம் வீட்டில் பெயர்கூட எடுக்காத ஞானமுத்து மாமாவை ரம்புக்கனை வேதக் கோயிலில் தற்செயலாகக் கண்டு, ரயில்வேயில் கரி அள்ளுகிற அந்த மனுஷன் உன் அம்மாவின் கூடப்பிறந்தவர் என்று தெரிந்து, அவர் வீட்டில் சோறு தின்று, அவர் மகளையும் கேட்டுவிட்டாய். சரி. கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். இரண்டு ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது ஞாயிறும் வாசித்து, தடை சொல்ல யாரும் எழும்பவில்லை என்றால் கல்யாணம். ஆனால் மூன்றாவது ஓலைக்கு முன்னால் மாமாவுக்கு என் கையெழுத்தில் ஒரு பதில் வேண்டுமாம். மோட்டார் சைக்கிளில் மைல் மீட்டர் கேபிளை எப்படிப் பராமரிக்க வேண்டும், அது எப்போது ஓடும், எப்போது ஓடாது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். தராவிட்டால் பெண் கிடையாதாம். ‘மாமாவுக்கு வயசாகிவிட்டது அப்பா, விளையாடுகிறார்’ என்று எழுதியிருக்கிறாய். அவர் விளையாடவில்லை. இருபத்திரண்டு வயதாகியும் ஒரு மனுஷன் விளையாடுகிறானா, கழுத்தைப் பிடிக்கிறானா என்று கண்டுபிடிக்கத் தெரியாதவனாக உன்னை வளர்த்தது என் குற்றம்தான்.

முதலில் கேபிள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒப்பாரி வைக்கிறவன் நானில்லை. நீ இரண்டு வருஷமாகக் கராஜில் கை கறுக்க நிற்கிறாய், இதை நான் எழுதித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றால் அந்தக் கராஜ் முதலாளிமேல் எனக்குப் பரிதாபம் வருகிறது. முன்சக்கரத்திலிருந்து மீட்டர் வரைக்கும் வெளியே தெரிகிற கறுப்புக் குழாய் கேபிள் இல்லை, அது உறை. உள்ளே முறுக்கின கம்பி ஒன்று இருக்கிறது, அதுதான் கேபிள். சக்கரம் சுற்றினால் அது உறைக்குள் சுற்றும், மேலே முள் எழும்பும், மைல் எண் நகரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை, கம்பியை உருவி எடு. மண்ணெண்ணெயில் கழுவி நிழலில் தொங்கவிடு. காய்ந்ததும் பழைய துணியால் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பார். இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். பிறகு கண்ணாடி மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டு. ஒழுங்காக உருண்டால் நல்ல கம்பி. ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடங்கியிருக்கிறது, முள் நடுங்குவது அதனால்தான். அதை நிமிர்த்திப் பார்க்கிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடு.

கிரீஸை இரண்டு விரலால் தொட்டு, பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற மாதிரி மெல்லிசாகப் பூசு. மேலே மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பூசாதே. கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் முறுக்கு வழியாக மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும், போனால் முள் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் கிட்டவே வரக்கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் இந்த வேலையைப் பார்த்த ஒருவன் தேங்காய் எண்ணெய் விட்டு, உறை முழுக்கச் சிற்றெறும்பு குடியேறி, கம்பியை உருவியபோது எறும்பும் முட்டையுமாகக் கொட்டியது. உறையைக் குறுக்கி மடக்காதே, புகைக்குழாய் மேல் படவிடாதே. ரப்பர் பால் சிந்தியிருந்தால் மீட்டருக்கு அடியில் இருக்கிற திருகு மூடியில் இறுகிப் பிடித்திருக்கும், நகத்தால் சுரண்டு, கத்தி வைக்காதே. அந்த மூடியைக் கையால் மட்டும்தான் திருக வேண்டும். சக்கரத்தை மெதுவாக உருட்டி, கம்பியின் சதுர முனை குழியில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் இறுக்கு. குறடு வைத்தால் பல் பதிந்துவிடும், மூடியை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

எப்போது ஓடாது என்றும் மாமா கேட்டிருக்கிறார். கம்பி அறுந்தால் ஓடாது. காய்ந்து இறுகினால் ஓடாது. மீட்டரிலிருந்து கழற்றிவிட்டால் ஓடாது. அவர் கேட்பது மூன்றாவதை.

நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் தெஹியோவிட்டைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், பாலைத் தகடாக்குகிற இடத்தில், இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆள். உன் மாமாவும் அதே தோட்டத்தில்தான் பால் வெட்டினார். நமக்கும் அவர்களுக்கும் கூலியாட்கள் குடியிருக்கிற ஒரே லயத்து வரிசை, நடுவில் ஒரு சுவர்தான். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்கு உதவியாக வந்த வெள்ளைக்காரச் சின்னத் தொரை ஓட்டுவதற்குத் தோட்டம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியபோது அதைத் துடைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை என்னிடம் வந்தது. பெரிய தொரை குடிக்காதவர், பிடிவாதக்காரர். தோட்டத்து வண்டி தோட்டத்து வேலைக்கு மட்டும்தான் என்று சட்டம் போட்டார். சனிக்கிழமை சாயங்காலமும் திங்கட்கிழமை காலையும் கொட்டகைக்கு வந்து, குனிந்து மீட்டரைப் பார்த்து, மைலை ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவார். சின்னத் தொரைக்கு உன் வயதுதான். ஞாயிற்றுக்கிழமையில் ருவான்வெல்லைப் பக்கம் வேறு தோட்டத்துத் தொரைமாரோடு சீட்டாடிக் குடிக்க அவனுக்கு ஆசை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவான், மீட்டரைப் பார்ப்பான், போய்விடுவான். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“இந்த மூடிய கழட்டிவிட்டா மைல் ஏறாதுங்க தொரை. நீங்க வந்ததும் நான் மாட்டிப்புடுவேன்.”

அவன் சிரித்த சிரிப்பு எனக்கு அன்றைக்கு ராஜாங்கம் கிடைத்த மாதிரி இருந்தது. எட்டு மாதம், ஞாயிறு தவறாமல், மத்தியானம் கழற்றுவேன், அவன் சாயங்காலம் திரும்பி வந்ததும் மாட்டுவேன். கையால் கழற்றி, கையால் மாட்டி, மூடியில் ஒரு கீறல் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கை சுத்தமாக இருந்தால் மறைக்கலாம், நான் மறைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. உன் மாமாவின் பெண்சாதி ராகேல் அத்தை தெஹியோவிட்டைக் கடையில் கருவாடும் மிளகாயும் வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள், உன் மாமா ரெண்டு வயது எஸ்தரைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்தார். ஸ்டோருக்குக் கீழே வளைவில் வண்டி அவளை அடித்தது. சின்னத் தொரை வண்டியை நிறுத்தினான், விழுந்து கிடந்தவளைப் பார்த்தான், மறுபடியும் ஏறிப் போய்விட்டான். பார்த்தது உன் மாமா ஒருவர்தான். மழைக்கு ரோட்டில் வேறு ஆள் இல்லை. அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. லயத்துக்குத் தூக்கி வந்து போட்டதும் அவள் போட்ட சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு விடிய விடியக் கேட்டது. உன் அம்மா போய்ப் போய் வந்தாள். நான் போகவில்லை, இஞ்சின் வேலை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஆள் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் உன் மாமா பெரிய தொரை முன்னால் போய் நின்றார். மோட்டார் சைக்கிள் அடித்தது, ஓட்டினது சின்னத் தொரை என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். பெரிய தொரை சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார், திரும்பி வந்தார். சனிக்கிழமை எழுதின மைலும் அன்றைக்கு மீட்டரில் இருந்த மைலும் ஒன்று. என்னைக் கூப்பிட்டார். நான் உன்னை இடுப்பில் வைத்திருந்தேன், உனக்கு நாலு வயது.

“சனிக்கிழமைதாங்க கேபிள கழுவி கிரீஸ் வச்சேன். வண்டி கொட்டகைய விட்டு அசையலிங்க. மீட்டர் பொய் சொல்லாதுங்க தொரை.”

நான் செய்கிற வேலையின் சுத்தம் தோட்டம் முழுக்கத் தெரியும். நான் கழுவின கேபிள் தப்பாக ஓடாது என்று பெரிய தொரைக்கே தெரியும். அந்த நல்ல பெயர்தான் அன்றைக்குச் சாட்சி சொன்னது. வேறு ஒருவன், கை அசுத்தமான ஒருவன் அந்த வேலையில் இருந்திருந்தால் உன் அத்தைக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

உன் மாமா என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேபிள் கழன்றால் மைல் ஏறாது என்பது அவருக்கும் தெரியும். தெரியாமல் பேசுகிறேன், கொஞ்சம் யோசித்தால் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு கேட்டார்.

“மச்சான், நீங்க மறந்திருப்பீங்க. நல்லா யோசிச்சு சொல்லுங்க. நேத்து கேபிள் மாட்டி இருந்துச்சா?”

“மாட்டி இருந்துச்சு.”

“அந்தப் புள்ள தலையில கை வச்சு சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னா நான் வாய மூடிக்கிறேன்.”

உன்னைக் கீழே இறக்கி நிறுத்தினேன். உன் தலையில் கை வைத்தேன். மாட்டி இருந்தது என்று சொன்னேன். நீ அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாய். வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொன்ன உன் மாமா மூடிக்கொண்டார், பதினெட்டு வருஷம் மூடிக்கொண்டிருந்திருக்கிறார். தொரை மேல் வீண்பழி சொன்னதற்காக அன்றைக்கே அவருக்குப் பத்துச்சீட்டு எழுதிவிட்டார்கள். பெயரை வெட்டியாகிவிட்டது, மறுநாள் பொழுது சாய்வதற்குள் லயத்தை விட்டுப் போய்விட வேண்டும். குதிரை தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, இடுப்பு உடைந்தவளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். லயத்தில் ஓர் ஆள் கை கொடுக்கவில்லை, கொடுத்தால் தன் பெயரும் போகும் என்று பயம். கீழே கிராமத்திலிருந்து சிங்கள ஆட்கள் இரண்டு பேர் வந்து, கதவுப் பலகையில் சாக்கைப் போட்டு அவளைத் தூக்கினார்கள். “அனே பவ்”, ஐயோ பாவம், என்று அதில் ஒருவன் சொல்லிக்கொண்டே போனான். எங்கள் வாசலைத் தாண்டும்போது அவன் என்னைத்தான் பார்த்தான், அவனுக்கு நான் யாரென்றுகூடத் தெரியாது.

உன் அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் கிளம்பினாள். அவள் கையிலிருந்து பானையைப் பிடுங்கி, சோற்றை வாசல் சாக்கடைக் கானில் கொட்டினேன். “போறதுன்னா அப்படியே போயிடு. புள்ள இங்கதான் இருக்கும்” என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள், பலகை போகிற பாதையைப் பார்த்தாள், உள்ளே வந்துவிட்டாள். நாற்பது நாளில் ராகேல் செத்த செய்தி வந்தபோது, லயத்தில் சத்தம் போட்டு அழக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. உனக்குத் தெரிந்த அம்மா, வாய் திறந்து அதிகம் பேசாதவள், குணவதி என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற அம்மா, அன்றைக்குத்தான் உருவானாள். அதற்கு முன்னால் அவள் பேச்சுக்காரி, சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். அவளை உனக்குத் தெரியாது.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலது தோளில் உனக்கு ஒரு தழும்பு இருக்கிறதே. ஒன்பது வயதில் நீ குறட்டால் மூடியைத் திருகிப் பல் பதித்ததற்காக அப்பா பழைய கேபிள் கம்பியால் அடித்தார் என்று அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறாய். அதை உன் சிநேகிதன்களிடம் பெருமையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன், வேலையில் அவ்வளவு கண்டிப்பான மனுஷன் என்று. குறட்டுக்காக நான் அடிக்கவில்லை. நீ அன்றைக்கு மூடியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு, கொட்டகையில் நாலு பேர் இருக்கும்போது, “அப்பா, இத கழட்டிட்டா வண்டி ஓடுனாலும் மைல் ஓடாது போல” என்று கேட்டாய். அறிவாகக் கேட்டாய். அதற்குத்தான் தோல் உரிய அடித்தேன். அதற்கப்புறம் நீ எதையும் கழற்றிப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. கராஜில் சொன்ன வேலையைச் செய்கிற ஆளாக மட்டும் நீ நின்றுபோனதற்குக் காரணம் அந்த அடி. உன் புத்தியை நான்தான் அடித்து உட்கார வைத்தேன்.

பெரிய தொரை அந்த வருஷமே என்னை இஞ்சின் கொட்டகைக்குத் தலைவனாக்கினார். லயத்திலிருந்து தகரக் கூரை போட்ட தனி வீட்டுக்கு வந்தோம். உன்னைத் தெஹியோவிட்டை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். லயத்துப் பிள்ளைகள் பால் வாளி தூக்கினபோது நீ சிலேட்டுத் தூக்கினாய். நீ எழுதுகிற எழுத்தும், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிற ஒய்யாரமும் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள். எஸ்தருக்கு உன்னிடம் பிடித்தது என்னென்ன என்று நீ பட்டியல் போட்டிருக்கிறாயே, அதில் பாதி அவள் அம்மா இடுப்பு உடைந்து உனக்குக் கிடைத்தது.

உன் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, கடைசியாகப் படுக்கும் வரைக்கும். போன வருஷம், காய்ச்சல் விடாமல் கிடந்த பதினோராம் நாள் பகலில், கஞ்சி கொடுக்கப் போனேன். கஞ்சியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இந்தாங்க, ஒன்னு கேக்குறேன். கேபிள் மாட்டி இருந்துச்சா?”

செத்துக்கொண்டிருக்கிறவள் கேட்கிறாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்தப் பெரிய தொரை சீமைக்குப் போயாயிற்று, சின்னத் தொரை எங்கே போனான் என்றே தெரியாது. உண்மையைச் சொன்னால் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள யாரிடமும் ஒன்றும் இல்லை. நான் மாட்டி இருந்துச்சு என்று சொன்னேன். “சரிங்க” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், நாலு நாள் கழித்துச் செத்தாள், அதுவரைக்கும் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கட்டினவள் கேட்கிற கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிடு தம்பி. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தால் அந்தப் பொய் வாயில் பழகிவிடும், அப்புறம் நீ நினைத்தாலும் வேறு வராது. உனக்கு நான் கொடுக்கிற கல்யாண புத்தி இது ஒன்றுதான்.

இதுவரைக்கும் எழுதினதெல்லாம் உன் மாமாவுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவற்றையும் ஊகித்திருப்பார். அவர் ஊகிக்காத ஒன்று இருக்கிறது, அதை இதற்கு முன் சொல்லாமல் விட்டுக்கொண்டே வந்தேன். அந்த ஞாயிறு சாயங்காலம் சின்னத் தொரை வண்டியோடு கொட்டகைக்கு வந்தான். குடித்திருந்தான், ஆனால் போதையெல்லாம் இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“நான் பொம்பளை ஒண்ணு அடிச்சான். நான் இப்ப பெரிய தொரைகிட்ட போறான். எல்லாம் சொல்றான்.”

அவன் சொல்லப் போனான், தம்பி. நிஜமாகவே பங்களாப் பக்கம் திரும்பி நாலு எட்டு நடந்துவிட்டான். நான் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன். அவன் சொன்னால் எட்டு மாதமாகக் கேபிளைக் கழற்றினது யார் என்று அடுத்த கேள்வி வரும். அவனைச் சீமைக்கு அனுப்புவார்கள், எனக்குப் பத்துச்சீட்டுக் கொடுப்பார்கள். “வேணாங்க தொரை. மீட்டர பாருங்க, வண்டி இன்னைக்கு எங்கயும் போகல” என்றேன். அவன் கேட்கவில்லை. கையைப் பிடித்தேன், காலைப் பிடித்தேன். லயத்தாளுக்கு இதெல்லாம் பழக்கம், ரெண்டு நாளில் எழும்பி நடந்துவிடுவாள் என்றேன். அடிபட்டது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகும் ஒரு முழு இரவு இருந்தது, காலையில் பெரட்டுக் களத்துக்குப் போகிற தூரம் இருந்தது. அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு இருந்த மனசாட்சியைக் காலில் விழுந்து கெடுத்தவன் உன் அப்பன். தொரைமாருக்குப் பயந்து பொய் சொன்னான் பாவம் என்று உன் மாமா இத்தனை வருஷம் என்னை நினைத்திருக்கக்கூடும். தொரை என்னைப் பொய் சொல்லச் சொல்லவே இல்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மன்னிப்பு என்று எழுதினால் மாமா என்ன செய்ய வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அவர் கேட்டது கேபிளைப் பற்றி. அதற்குப் பதில் இதுதான்: அன்றைக்குக் கேபிள் மாட்டியிருக்கவில்லை. நான்தான் கழற்றினேன், அடித்த பிறகு நான்தான் மாட்டினேன். நேரில் வந்து சொல்லலாமே என்பாய். கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லலாம், சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணம் நடந்தாலும் நான் வர மாட்டேன், என்னைக் கூப்பிடுகிற நாடகம் வேண்டாம்.

இவ்வளவும் படித்து முடித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். கேபிளைக் கழுவுகிற பக்கத்தை மட்டும் மாமா கையில் கொடுத்துவிட்டு மற்றதை அடுப்பில் போட்டுவிடலாம் என்று தோன்றும். செத்தவள் வரப்போவதில்லை, எஸ்தருக்கு எதற்கு வலி என்று உனக்கு நீயே நியாயம் சொல்லிக்கொள்வாய். கல்யாணம் முடியட்டும், அப்புறம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைப்பாய். உன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். அதனால் திங்கட்கிழமையே இந்தச் சங்கதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி, தெஹியோவிட்டைத் தபாலில் ரம்புக்கனைக்கு அனுப்பிவிட்டேன். உன் மாமாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கோயில் உபதேசியாருக்கு அனுப்பினால் அவர் வார்த்தைகளை மெழுகி வழவழப்பாக்கிவிடுவார். ஆகவே எஸ்தர் பெயரைப் போட்டு, உன் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டம்மா என்று மேலே எழுதினேன். தன்னைப் பெற்றவள் எப்படிச் செத்தாள் என்பதை அந்தப் பெண் தன் வாயால் வாசித்துத்தான் முதலில் கேட்டிருப்பாள். அது கொடுமை என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன், வேறு வழியாகப் போனால் அந்தக் கடிதம் அவர்களிடம் போய்ச் சேராது.

இது உன் கையில் கிடைக்கும்போது அவர்கள் வாசித்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். நீ சாயங்காலம் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டும் வந்திருப்பாய், எஸ்தர் ஏன் பேசவில்லை என்று உனக்கு விளங்கியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையை வாசிப்பதா வேண்டாமா என்பது அவர்கள் இரண்டு பேர் கையில் இருக்கிறது. உன் கையில் கொடுத்திருக்கலாம். நீ என் மகன், அதனால் கொடுக்கவில்லை.

உன் அப்பா